லென்னியின் தாளம் ஓடுகிறது

டோரீன் காரை ஓட்டினால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் லென்னியின் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும். அன்றைக்கும் பீச் தெரு நெடுக மிதித்துக்கொண்டுதான் வந்தான்.

"மெதுவாத்தான் போயேன். டிரம்ஸ் என்ன எந்திரிச்சு ஓடவா போகுது?"

"டிரம்ஸ் ஓடாது, அதை அடிக்கிறவன்தான் ஓடுறான்" என்று சொல்லிவிட்டு டோரீன் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஈரி ஊரில் முன்னாள் படைவீரர் சங்கத்து சனிக்கிழமை நடனத்துக்கு வாசிப்பது இவர்கள் குழுதான். டோரீனின் தம்பி கோர்டி அக்கார்டியன், டோரீன் பேஸ் கிடார், அவள் கணவன் லென்னி டிரம்ஸ். பாட்டு நிதானமாகத்தான் தொடங்கும். பாதி போவதற்குள் வேகம் பிடித்துவிடும். ஜோடி சேர்ந்து ஆடிக்கொண்டிருந்த பெரியவர்கள் மூச்சு வாங்கி, முட்டியைப் பிடித்துக்கொண்டு நாற்காலி தேடுவார்கள். போன மாதம் ஒரு கிழவனார் நேரே மேடைக்கு வந்து, "எனக்கு இதய ஆபரேஷன் ஆகியிருக்கு, கொஞ்சம் பாத்து வாசிங்கப்பா" என்று கேட்டுக்கொண்டார்.

லென்னிதான் பாட்டை ஓட்டுகிறான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. வேகம் டிரம்ஸின் பொறுப்பு, வேறு யாரைச் சொல்வது? அவனும் ஒவ்வொரு முறையும் தலையைச் சொறிந்து, "நான்தான், மன்னிச்சுக்கோங்க" என்பான். பகலில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன், ரோட்டில் ஆமை. மேடையில் ஏறினால் மட்டும் குதிரையாகிவிடுவான் போல என்று டோரீன் நினைத்திருந்தாள்.

கடைசியில் கோர்டி ஒரு தாளப் பெட்டியை வாங்கிவந்து சமையலறை மேசையில் வைத்தான். ஒரு பொத்தானை அழுத்தினால் போல்கா நடனத்துக்குத் தாளம், இன்னொன்றை அழுத்தினால் வால்ட்ஸுக்கு. "இது ஓடாது, பியர் கேக்காது, மச்சான் மாதிரி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காது" என்றான். வரும் சனிக்கிழமையிலிருந்து லென்னிக்குப் பதில் அந்தப் பெட்டி. டோரீன் சண்டை போட்டாள், கெஞ்சினாள். அதற்கப்புறம்தான் இசைக்கருவிக் கடை வாசலில் டிரம் கிளினிக் என்று தட்டி வைத்திருந்ததைப் பார்த்தாள்; தேர்ந்த டிரம்மர் ஒருவர் வந்து வாசித்துக் காட்டி, சொல்லித்தருவாராம். கிளினிக் என்று இருந்தால் நோயாளியைக் கூட்டிப்போக வேண்டியதுதானே? தம்பியையும் வரச் சொன்னாள். "பாத்துட்டு முடிவு பண்ணுடா, அதுவரைக்கும் அந்தப் பொட்டியைத் தொடாதே."

அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று வாசிப்பதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அவள் இடது தோளுக்கு அந்தப் பக்கம் லென்னி இருப்பான். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அங்கேதான் இருக்கிறான்.

கடையில் கிடார்களைச் சுவரோரம் ஒதுக்கி, மடக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். முன்வரிசை காலி. டிரம்மர்களுக்கே டிரம்ஸ் சத்தம் ஆகாது. முக்கால்வாசிப் பேர் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, எங்கே என்னை அசத்து பார்க்கலாம் என்ற முகத்தோடு நின்றார்கள். கட்டிய கைக்குள்ளும் விரல் தட்டிக்கொண்டுதான் இருந்தது. கோர்டியும் அவர்களோடு போய் நின்றுகொண்டான்.

கிளினிக் நடத்தும் ஒடெட் மார்ஷ் வந்து டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்தார். ஐம்பதைத் தாண்டிய, குள்ளமான, சிரித்த முகத்து அம்மாள். நாடக அரங்கு, ஜாஸ், நாட்டுப்புறப் பாட்டு, சர்க்கஸ், கப்பல் என்று எங்கே கூப்பிட்டாலும் போய் வாசித்தவர். வணக்கம்கூடச் சொல்லாமல் தூரிகைக் குச்சிகளை எடுத்து, டிரம் தோலின் மேல் கோலம் போடுவதுபோல் மெல்ல இழுத்தார். அந்தச் சத்தத்திலிருந்து ஒரு ரயில் புறப்பட்டது. ரயில் கியூபாவுக்குப் போய், அங்கிருந்து ஒரு போல்காவுக்கு வந்து சேர்ந்தது. கட்டியிருந்த கைகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. டோரீனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. லென்னி வாய் திறந்தபடி இருந்தான், அவனைப் பார்க்க அவளுக்கு ஆசையாக இருந்தது.

"கேள்வி இருந்தா கேளுங்க. எந்த அளவு குச்சின்னு மட்டும் கேக்காதீங்க" என்றார் ஒடெட். தூக்கியிருந்த கைகளில் பாதி கீழே இறங்கிவிட்டது.

பிறகு ஒரு விளையாட்டு வைத்தார். ஒலிபெருக்கியில் டிக் டிக் என்று தாளம் எண்ணும் மெட்ரோனோம் கருவி ஓடும், அதோடு சேர்ந்து வாசிக்க வேண்டும். நடுவில் அதை நிறுத்திவிடுவார். திரும்ப அது கேட்கும்போது வாசிக்கிறவர் அதே இடத்தில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

முதலில் போனவன் பெரிய மீசைக்காரன். டிக் டிக் நின்றதுதான் தாமதம், அந்த வெறுமையைத் தாங்க முடியாமல் எல்லா டிரம்மையும் உருட்டித் தள்ளி, மெட்ரோனோமுக்கு முக்கால் தட்டு முன்னால் போய் இறங்கினான். அடுத்தவனும் அதையே செய்தான். அதற்கடுத்தவன் இன்னும் மோசம்.

"அமைதின்னா நம்ம ஆளுங்களுக்கு அவ்வளவு பயம்" என்று ஒடெட் சிரித்தார். "சும்மா அடிச்சுக்கிட்டே இருக்க ஒருத்தரும் இல்லியா?"

டோரீன் லென்னியின் விலாவில் இடித்தாள். "போ."

"வேணாம் டோரீன். கோர்டி வேற பாக்கிறான்."

"அவன் பாக்கணும்னுதான் சொல்றேன். எந்திரி."

லென்னி போய் உட்கார்ந்தான். மெட்ரோனோம் ஓடியது, அவனும் வாசித்தான். அலங்காரம் எதுவும் இல்லை, வெறும் வால்ட்ஸ். டிக் டிக் நின்றது. அவன் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தான். டோரீன் கண்ணை மூடிக்கொண்டாள். திரும்ப டிக் டிக் வந்தபோது அது தனியாகக் கேட்கவே இல்லை. அவன் அடிக்குள் அடங்கிக் கிடந்தது.

ஒடெட் இன்னும் நீளமாக நிறுத்திப் பார்த்தார். மறுபடியும் அதே. பின்னால் நின்றவர்கள் விசில் அடித்தார்கள்.

"இது எப்படி?" கோர்டியின் குரல் கடை முழுக்கக் கேட்டது. "சனிக்கிழமையானா இந்த ஆளு தலைதெறிக்க ஓட்டுறாரேம்மா!"

ஒடெட் லென்னியைக் கையால் காட்டினார். "சனிக்கிழமை இவர் பக்கத்துல யாரு?"

கோர்டியின் கண் அக்காமேல் போனது. சுவரிலிருந்து ஒரு பேஸ் கிடாரை இறக்கி அவள் கையில் கொடுத்தார்கள்.

"நான் இங்க கேக்கத்தான் வந்தேன்" என்றாள் டோரீன்.

"கேக்கலாம், வாசிச்சுக்கிட்டே கேளுங்க."

லென்னி சட்டென்று எழுந்தான். "அவ வேணாங்க. ஓட்டுறது நான்தான், நானே ஒத்துக்கறேனே."

"உக்காருங்க சார்."

தொடங்கினார்கள். பழகின வால்ட்ஸ், தூக்கத்தில் எழுப்பினாலும் வாசிப்பாள். மெட்ரோனோமை ஒடெட் தன் காதில் மட்டும் மாட்டிக்கொண்டு இருவருக்கும் நடுவில் நின்றார். டோரீனுக்கு இரண்டாவது அடிக்குள் பயம் போய்விட்டது. மூன்றாவதில் சந்தோஷம் வந்துவிட்டது. எப்போதும்போல் லென்னி தோளுக்குப் பக்கத்திலேயே இருந்தான், ஒரு மயிரிழைகூட விலகாமல்.

ஒடெட் கையைத் தூக்கி நிறுத்தினார். மெட்ரோனோமை எல்லாருக்கும் கேட்கும்படி திறந்துவிட்டார். அது எங்கோ பின்னால், பாவம்போல் நடந்து வந்துகொண்டிருந்தது.

"ஒவ்வொரு தடவையும் பேஸ்தான் ஒரு எட்டு முன்னால வைக்குது" என்றார் ஒடெட், மெதுவாக, டோரீனுக்கு மட்டும் சொல்வதுபோல. "டிரம்ஸ் ஓடிவந்து பிடிச்சுக்குது. ஓட்டுறது அவர் இல்லைங்க."

டோரீன் லென்னி பக்கம் திரும்பினாள். எத்தனை சனிக்கிழமை அவன் தலையைச் சொறிந்துகொண்டு மன்னிப்புக் கேட்டிருக்கிறான்! காரில் தான் சொன்னது வேறு நெஞ்சைக் குத்தியது.

"உனக்குத் தெரியுமா?"

லென்னி குச்சியைப் பார்த்தபடி, "தெரியும்" என்றான்.

"எப்போலேர்ந்து?"

"ஆரம்பத்துலேர்ந்தே."

"வாயில என்ன கொழுக்கட்டையா? சொன்னா என்ன?"

"வேகம் பிடிக்கிறப்போ உன் மூஞ்சில ஒரு சிரிப்பு வரும், டோரீன்." அவன் காது சிவந்துவிட்டது. "அதைப் போய் நிறுத்துன்னு எப்படிச் சொல்றது? நான் நின்னுட்டா நீ தனியாப் போயிடுவே. தப்பா வாசிக்கிறது நீதான்னு ஊருக்கே தெரிஞ்சிடும். அதான் கூடவே வந்துட்டேன்."

பின்னால் தட்டிக்கொண்டிருந்த விரல்களெல்லாம் நின்றுவிட்டன. மீசைக்காரன் மூக்கைச் சிந்தினான்.

"இப்ப இன்னொரு தடவை" என்றார் ஒடெட். "இந்தத் தடவை அவங்க எங்க போனாலும் நீங்க போகக் கூடாது."

அவன் அன்று செய்ததிலேயே கடினமான வேலை அதுதான். நெற்றியில் வியர்வை கோத்தது. அவள் பாதியில் பழக்கதோஷத்தில் முன்னால் போனாள். அவன் வரவில்லை. தோளுக்குப் பக்கத்தில் காலியாக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் அறியாத வெறுமை. திரும்பிப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, போன இடத்திலிருந்து அவள் திரும்பி வருவதற்காக அவன் அதே நிதானத்தில் அடித்துக்கொண்டிருந்தான். அவள் ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவன் வந்து சேர்ந்தான். பின்வரிசை மொத்தமும் தலையாட்டியது.

முடிந்ததும் கோர்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான்.

"டேய், யாரையாவது தூக்கணும்னா என்னைத் தூக்கு" என்றாள் டோரீன். "ஓட்டினது நான்."

"உன்னைத் தூக்கினா மச்சான் வருவாரா? சனிக்கிழமை ரெண்டு பேரும் ஆறு மணிக்கு வந்து சேருங்க." கொஞ்சம் தயங்கி, லென்னியின் முதுகில் தட்டினான். "என்னைய ஏன்யா இத்தனை வருஷம் உன்னைத் திட்டவிட்டே?"

"நீ நல்லாத் திட்டுவே மச்சான். கேக்கப் பொழுது போச்சு."

டோரீன் கிடாரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, எல்லார் முன்னாலும் லென்னியின் ஈரமான கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சனிக்கிழமை ராத்திரி முழுக்க நான் உன்கூட வரேன்" என்றாள். "கடைசிப் பாட்டுக்கு மட்டும் நான் ஓடுவேன். நீ வருவியா?"

"வராம?" என்றான் லென்னி.