எலும்புக்கு ஏது தெரு

ஐப்பசி மழையில் கண்மாய் உடைந்து, குளத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் கல்லறைத் தோட்டத்துக்குள் வெள்ளம் புகுந்தது. மேலத்தெருப் பிணங்களையும் கீழத்தெருப் பிணங்களையும் பிரித்து நின்ற மண்சுவர் கரைந்தே போயிற்று. தண்ணீர் வடிந்தபோது எலும்புகள் வெளியே கிடந்தன. யாருடையவை என்று யாருக்கும் தெரியவில்லை.

கீழத்தெரு ஞானமணியின் புருஷன் சந்தனராஜ், வாந்திபேதியில் போனவன், அந்தச் சுவரோரம்தான் கிடந்தான். அவனைக் கண்டெடுத்துத் தன் கையால் திரும்ப மண்ணுக்குள் வைக்க வேண்டும். அவளுக்கு வேறெதுவும் வேண்டாம். மேலத்தெருவிலிருந்து வந்த உத்தரவோ வேறு: வழக்கப்படி கீழத்தெருக்காரர்கள் மண் மிதித்துச் சுவரை எழுப்ப வேண்டுமாம்.

"மொதல்ல எலும்பப் பிரிங்க," என்றார் மேலத்தெரு நாட்டாண்மை ஆரோக்கியம், மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு. "எங்க ஆளுக அங்கிட்டுப் போயிறக் கூடாது."

"எலும்புல தெருப் பேரு எழுதியிருக்குங்களா?" என்றாள் ஞானமணி. "ஒங்க அப்பாரு அடையாளம் ஒங்களுக்குத் தெரியும்ல? வந்து பொறுக்கிக்கங்க."

அவர் பின்வாங்கினார். கீழத்தெரு எலும்பில் கை பட்டுவிட்டால்?

கோயிலில் ஜெபம் சொல்லித்தரும் உபதேசியார் இருதயநாதன் வேப்பமர நிழலில் உட்கார்ந்து, எல்லாரையும் சமாதானப்படுத்த, வேதத்தில் தீர்க்கதரிசி கண்ட காட்சியைச் சொன்னார். பள்ளத்தாக்கு நிறைய உலர்ந்த எலும்புகள், சர்வேசுரனின் வார்த்தை கேட்டு ஒவ்வொன்றும் தன் துணையைத் தேடிச் சேர்ந்தது, நாலு திசைக் காற்றும் வீசி மூச்சு வந்தது, எழுந்து நின்றன.

"அது கடைசி நாளைக்கு. இப்ப வேலையப் பாருங்க," என்று முடித்தார்.

"உபதேசியாரே, அந்தப் பள்ளத்தாக்குல சொவரு இருந்துச்சா?" என்றாள் ஞானமணி.

அவர் தரையைப் பார்த்தார். "இல்ல."

கடைசி நாளாம்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சந்தனராஜ் போனதிலிருந்து மூச்சு விட்டபடி செத்துக் கிடந்தவள் அவளல்லவா? அந்தப் பள்ளத்தாக்கு அவள் நெஞ்சுக்குள்தான் இருந்தது. காற்று அங்கேதான் இப்போது வீசியது. எந்த எலும்பு அவன் என்று அவள் தேட வேண்டாம். மூச்சைக் கொடுக்கிறவருக்குத் தெரியும். மார்பை அடைத்திருந்தது இளகி இறங்கிற்று. கோபம் மட்டும் இறங்கவில்லை.

சுவருக்கென்று மண் சுமந்த கூடையைக் கவிழ்த்துக் காலி செய்தாள். எலும்புகளை ஒவ்வொன்றாய் எடுத்து அதில் அடுக்கினாள்.

"ஏய், அதுல எங்க எலும்பு இருக்குடி!"

"எதுன்னு தொட்டுக் காட்டுங்க. குடுத்துர்றேன்."

ஆரோக்கியம் அசையவில்லை.

சுவர் நின்ற கோட்டிலேயே ஒரே குழி வெட்டினாள். எல்லாவற்றையும் அதில் இறக்கி மூடினாள்.

"இப்பச் சொவரு வைங்க," என்றாள். "ஒங்க அப்பாரு நெஞ்சு மேலதான் வைக்கணும்."

மண் மிதிக்க ஒருவரும் இறங்கவில்லை. அவள் சிலுவை வரைந்துகொண்டு, கை கழுவக் கண்மாய்ப் பக்கம் நடந்தாள்.