பல் டாக்டர் அனுப்பாத மெயில்

வீட்டுப் பிளான் வரைவது அவள் தொழில் என்பதால் தெருவில் எல்லோருக்கும் அவள் பிளான் அக்கா. தனியாக அலுவலகம் கிடையாது. சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் ஜன்னலோரமாக ஒரு கம்ப்யூட்டர். இனிமேல்தான் கட்டப்போகும் எத்தனையோ சமையலறைகளும் மாடிப்படிகளும் அதற்குள் இருந்தன. காலையில் மட்டும் அதை மாமனாருக்கு விட்டுக்கொடுப்பாள்.

அவருக்கென்று தனிக் கணக்கு போட்டுக் கொடுத்திருந்தாள். அதில் மெயில் பார்க்கலாம், செஸ் ஆடலாம். புதிதாக எந்தப் புரோகிராமையும் ஏற்ற வேண்டுமானால் அவளுடைய பாஸ்வேர்ட் வேண்டும். "என் வீட்லயே என்னைக் குடிவச்சிருக்கா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவளும் கூடச் சிரிப்பாளே தவிர, பாஸ்வேர்டை மட்டும் சொல்லமாட்டாள்.

அன்று அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏம்மா, இது என்னமோ பாஸ்வேர்ட் கேக்குது. வந்து போட்டுட்டுப் போயேன்."

"எதைத் தொறந்தீங்க மாமா?"

"பல் டாக்டர் டூர் போன படம் அனுப்பியிருக்கான். தட்டினா தொறக்க மாட்டேங்குது."

ஈரக்கையை உதறிக்கொண்டு வந்தாள். படத்துக்கு எதற்குப் பாஸ்வேர்ட்? கூடவே வந்திருந்த கோப்பின் பெயரைக் கடைசிவரை படித்தாள். முன்பாதி படம் என்று சொன்னது. வாலில் இருந்த எழுத்துகள், அது படமே இல்லை, ஓடக் காத்திருக்கும் புரோகிராம் என்று காட்டிக்கொடுத்தன. 'வேண்டாம்' என்பதை அழுத்திவிட்டு, குனிந்து இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கினாள்.

மாமனார் முகம் சுருங்கிவிட்டது. "சின்ன வயசுப் பழக்கம் எங்களுக்கு. அவனா எனக்குக் குழி பறிப்பான்?"

"அவர் பறிக்கல. அவர் பேர்ல வேற யாரோ பறிக்கிறாங்க. என்ன எழுதியிருக்குன்னு படிங்க."

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "'அன்பு நண்பரே, தங்கள் பார்வைக்கு.'" மறுபடியும் ஒருதரம் படித்தார். "அன்பு நண்பரா? அந்தப் பய என்னை மொட்டைன்னு கூப்பிடாம வாயையே தொறக்க மாட்டானே."

அவரே போன் போட்டார். டாக்டரின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"நீயுமா மொட்டை? காலைலேருந்து ஆளாளுக்குக் கேக்கிறாங்க. நான் யாருக்கும் எதுவும் அனுப்பல. நேத்து பார்சல் ரசீதுன்னு ஒண்ணு வந்துச்சு, தொறந்தேன். அப்பலேருந்து கம்ப்யூட்டர் ஆமை மாதிரி நகருது. பிள்ளைங்களுக்காக ஒரு பல் புத்தகம் எழுதிட்டிருக்கேன்ல, அதுவும் தொறக்கல. நல்லவேளை, பென் டிரைவ்ல ஒரு காப்பி இருக்கு. இதோ சொருகப் போறேன்."

அவள் போனை வெடுக்கென்று வாங்கினாள். "டாக்டர், சொருகிடாதீங்க. அது பென் டிரைவுக்கும் தொத்திக்கும்."

"கைலதான் வச்சிருக்கேன்."

"சட்டைப் பைல போடுங்க. இன்டர்நெட் கேபிளைப் பிடுங்குங்க. வேற எதையும் தொடவேண்டாம், நான் வரேன்."

தன் கம்ப்யூட்டரை முதலில் முழுதாகச் சோதித்தாள். ஒன்றும் ஏறவில்லை. தனிக் கணக்கு வாசலிலேயே தடுத்து நிறுத்தியிருந்தது. மாமனார் இன்னும் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

"அவர் யாருக்கெல்லாம் மெயில் போடுவார்னு உங்களுக்குத்தான் தெரியும். ஒருத்தர் விடாம போன் பண்ணிச் சொல்லிடுங்க மாமா."

நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் செருப்பு மாட்டுவதற்குள் அவர் குரல் தெருவரைக்கும் எட்டியது: "டாக்டர் அனுப்பின படத்தைத் தொறந்துடாத. தொறந்தா இருக்கிற பல்லும் போயிடும்."

டாக்டர் வீட்டில், தான் கொண்டுபோன சிடியைப் போட்டு, அதிலிருந்து கம்ப்யூட்டரை எழுப்பிச் சோதித்தாள். வைரஸ் இண்டு இடுக்கெல்லாம் புகுந்திருந்தது. மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றவேண்டும் என்றாள்.

"அவ்வளவு தூரம் போகணுமா? ஏதாவது மருந்து குடுத்துப் பாக்கலாமே."

"வேர்வரைக்கும் சீழ் பிடிச்ச பல்லை நீங்க என்ன செய்வீங்க?"

"பிடுங்கிடுவேன்."

"அதேதான் டாக்டர்."

பழையதைத் துடைத்தாள், புதியதை ஏற்றினாள், விட்டுப்போன அப்டேட்டுகளையும் வைரஸ் தடுப்பையும் போட்டாள். மெயில் பாஸ்வேர்டை மாற்றவைத்தாள். பென் டிரைவைத் தானே சொருகிச் சோதித்த பிறகுதான் அதைத் திறக்க விட்டாள். புத்தகம் திறந்தது. பால் பற்களைப் பற்றிய கடைசி அத்தியாயம் மட்டும் அதில் இல்லை. கம்ப்யூட்டரில் இருந்த மூலத்தை வைரஸ் குதறிப்போட்டிருந்தது.

டாக்டர் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். "அது சுமாராத்தான் வந்திருந்துச்சு. இன்னும் நல்லா எழுதிடலாம்." அப்போதே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தட்டச்சு செய்ய ஆரம்பித்துவிட்டார்.

அவள் வாசலுக்கு வந்தபோது மாமனாரின் அழைப்பு வந்தது.

"நம்ம போட்டோக்கடைக்காரர் தொறந்துட்டாராம்மா. கேபிளைப் பிடுங்க வச்சுட்டேன். எதையும் சொருகக்கூடாதுன்னு கண்டிச்சு சொல்லியிருக்கேன். நீ எப்ப வருவேன்னு கேக்கிறார்."

"இப்பவே வரேன்னு சொல்லுங்க. இந்தப் பக்கம்தானே அவர் கடை" என்றாள். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தாள்.