மைனஸ் பதினெட்டு

அய்யாக்குட்டி முப்பத்தொரு வருஷம் தூத்துக்குடி துறைமுகத்தில் இறாலுக்குக் காவல் இருந்தவர். கப்பலேறக் காத்திருக்கும் குளிர்ப்பெட்டிகளுக்கு மின்சாரம் கொடுப்பார். ஒவ்வொரு பெட்டியும் மைனஸ் பதினெட்டு காட்டுகிறதா என்று மணிக்கொரு முறை பார்த்து எழுதி வைப்பார். காக்கா கூடத் தன் நிழலைத் தானே இடுக்கிக்கொண்டு பறக்கிற அந்த ஊர் வெயிலில், அவர் காவலில் இருந்த ஒரு இறால்கூட வியர்த்ததில்லை. ஜப்பான்காரன் பெட்டியைத் திறந்ததும் இறாலெல்லாம் எழுந்து நின்று வணக்கம் வைத்தது என்று சொல்வார்.

"தமிழ்லயா, ஜப்பான் பாசையிலயா?" என்பாள் மனைவி பகவதி.

"ரெண்டுலயும்."

அப்பேர்ப்பட்டவர் வீட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், கீரைக்கட்டுக்குப் பக்கத்தில், நாலு நாளாக ஒரு பொருள் வெறும் ஐந்து டிகிரியில் கிடந்தது. மகள் ரம்யாவின் ஊசி மருந்து. பேனா மாதிரி இருக்கும். அளவைத் திருகி வைத்து வயிற்றில் அவளே போட்டுக்கொள்வாள்.

ரம்யா சரக்குக் கப்பலில் செகண்ட் ஆபீசர். வயது முப்பத்தைந்து. அடுத்த மாதம் சீஃப் ஆபீசராகப் பதவி உயர்ந்து எட்டு மாதம் கடலுக்குப் போகிறாள். போவதற்கு முன் கருமுட்டைகளை எடுத்து உறைய வைத்துவிட வேண்டும் என்று பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் எல்லாம் பேசி முடித்துவிட்டுத்தான் வீட்டில் வாயைத் திறந்தாள். தினமும் சாயங்காலம் ஆறரைக்கு ஊசி. பத்துப் பன்னிரண்டு நாளில் முட்டைகள் வளர்ந்துவிடும். எடுத்துப் பத்திரப்படுத்திவிடுவார்கள்.

"கல்யாணத்தப் பண்ணிட்டா இந்தக் கூத்தெல்லாம் எதுக்குளா?" என்று கேட்டார் அய்யாக்குட்டி.

"எனக்குப் பிள்ள வேண்டாம்னு சொல்லலப்பா. இப்ப வேண்டாம்னு சொல்லுதேன். வேணும்னு தோணுத அன்னைக்கு முட்டைக்கு வயசாயிருக்கக் கூடாதுல்லா."

அவர் மூன்று நாள் யாரிடமும் பேசவில்லை. அதாவது, மூன்று நாளும் சுவரிடம் மட்டும் பேசினார். நாலாம் நாள்தான் 'உறைய வைப்பது' என்ற சொல் அவருக்குள் சரியாக இறங்கியது. உறைய வைப்பதா! அந்த வித்தையில் அவருக்கு மிஞ்சி இந்தக் கடற்கரையில் யார் இருக்கிறார்கள்?

புதன்கிழமை காலையில் ரம்யாவும் பகவதியும் ஸ்கேனுக்காகப் பாளையங்கோட்டை பஸ் ஏறினார்கள். அய்யாக்குட்டி ஃப்ரிட்ஜைத் திறந்து ஊசியைப் பார்த்தார். செத்துப்போன இறாலுக்கே மைனஸ் பதினெட்டு; பிறக்கப்போகிற பேரப்பிள்ளைக்கான மருந்துக்குக் கீரையோடு கீரையாக ஐந்தா? பேனாவை எடுத்துத் துணியில் சுற்றி ஃப்ரீசருக்குள் வைத்தார். ஃப்ரிட்ஜின் குளிர்த் திருகியைக் கடைசி எண் வரைக்கும் திருப்பினார். மத்தியானத்துக்குள் உள்ளே இமயமலையில் பாதி உருவாகிவிட்டது.

அந்தப் பெருமையை யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். காயல்பட்டினத்துக்கு போன் போட்டார். ஸதக்கத்துல்லாஹ் கப்பல் ஏஜென்ட் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், இவருக்கு நாற்பது வருஷ சிநேகிதர். போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், காது மந்தம்.

"என்னவே, மருந்த எங்க வச்சிருக்கேருன்னு சொன்னேரு?"

"ஃப்ரீசர்லவே! மைனஸ் பதினெட்டு! கல்லு மாதிரி இருக்கு!"

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்தது. அடுத்து வந்தது ஸதக்கத்துல்லாஹ்வின் மகள் ஸஹ்லாவின் குரல். காயல்பட்டினத்து வழக்கப்படி கல்யாணத்துக்குப் பிறகும் வாப்பா வீட்டிலேயே இருக்கிறவள். புருஷன் அஃப்ஸல் துபாயில்.

"மாமா! அத உறைய வைக்கவே கூடாது! ஒரு தடவ உறைஞ்சா போச்சு, மருந்து செத்துரும். பிள்ளைக்காக நானும் அதே ஊசிதான் போட்டேன், எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு உடனே பேசுங்க!"

அய்யாக்குட்டிக்கு முப்பத்தொரு வருஷக் குளிரும் ஒரே நிமிஷத்தில் முதுகில் இறங்கியது. மருந்துப் பையில் எழுதியிருந்த எண்ணுக்குப் பேசினார். கையிருப்பு காலையிலேயே தீர்ந்துவிட்டது, நாளை மத்தியானம்தான் மதுரையிலிருந்து வரும், ஆனால் இன்றைய ஊசியைத் தவறவிடக் கூடாது என்றார்கள். மணி மூன்றரை. அம்மாவும் மகளும் அங்கே ஸ்கேன் முடிந்து துணிக்கடைக்குள் நுழைந்திருப்பார்கள். ரம்யாவுக்குப் பேச விரல் போனது. போன விரல் திரும்பி வந்தது.

பேனாவை வெளியே எடுத்து மேஜையில் வைத்தார். பனி உருகி, உள்ளே மருந்து மறுபடியும் தண்ணீராகத் தெளிந்தது. பார்க்க எந்த வித்தியாசமும் இல்லை. கீரைக்குப் பக்கத்திலேயே திரும்ப வைத்துவிட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. ஊசி போடுவாள், முட்டை வளராது. 'நமக்கு இது சரிவரலம்மா, ஒரு மாப்பிள்ளையைப் பாப்போம்' என்று மெல்லப் பேச்செடுக்கலாம். ஸதக்கத்துல்லாஹ்விடம் மருந்து மாற்றியாகிவிட்டது என்று ஒரு பொய். அவர் சொல்லாத பொய்யா?

பேனாவைப் பார்த்தபடி பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தார். வாயை மூடிக்கொண்டு காரியம் சாதிப்பது அவருக்குப் புதிதில்லை.

அந்தக் காலத்தில் பகவதி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். கொச்சிக்கும் பம்பாய்க்கும் டிரங்க் கால் கேட்டு அய்யாக்குட்டி துறைமுகத்திலிருந்து கூப்பிடுவார். "எந்த நம்பர் வேணும்?" என்று அவள் கேட்டால் போதும், வெயிலில் கொதிக்கிற இரும்புப் பெட்டியெல்லாம் தானாகக் குளிர்ந்துவிடும். ஒரே நாளில் பதினேழு தடவை கொச்சியைக் கேட்டிருக்கிறார். பதினெட்டாம் தடவை, "கொச்சிக்காரங்க போன எடுத்துக் கீழ வச்சிட்டாங்க. உங்களுக்கு நிஜமா யார்ட்ட பேசணும்?" என்று அவளே கேட்டாள். "லைன்ல இருக்கவங்கள்ட்டதான்" என்றார். அவர் வாழ்க்கையில் மிகைப்படுத்தாமல் சொன்ன ஒரே வாக்கியம் அது.

கல்யாணமாகி, ரம்யா ஐந்து மாசமாக வயிற்றில் இருந்தபோது பகவதிக்கு சூப்பர்வைசர் பதவி வந்தது. திருச்சியில் போஸ்டிங். எக்ஸ்சேஞ்சிலேயே அவள் குரலுக்கும் வேகத்துக்கும் ஈடு கிடையாது. மாலை போட்டு அனுப்பக் காத்திருந்தார்கள். ராத்திரி சோறு போடும்போது, "நான் போகட்டுமா?" என்று கேட்டாள். அய்யாக்குட்டி போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. "ரசம் கொஞ்சம் ஊத்து" என்றார். அவள் மறுநாள் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டாள். 'அவளேதான் வேண்டாம்னுட்டா' என்று முப்பத்தைந்து வருஷமாக ஊரெல்லாம் சொல்லி வருகிறார். எத்தனையோ பொய் சொன்னவருக்கு அந்த நிஜம் ஒன்றுதான் இன்னும் தொண்டையில் குத்துகிறது.

எழுந்து மறுபடி காயல்பட்டினத்துக்குப் பேசினார்.

"தாயி, ஆஸ்பத்திரில இன்னைக்கு மருந்து இல்லயாம். எனக்கு என்ன செய்யன்னு தெரியல."

ஸஹ்லா எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறக்கிற சத்தம் கேட்டது. "என்கிட்ட பிரிக்காத பேனா ஒண்ணு இருக்கு மாமா. போன மாசம் அவங்களுக்கு துபாய்ல லீவு கேன்சலாச்சு, டாக்டர் பாதியில நிறுத்திட்டாங்க. ஃப்ரிட்ஜுல பத்திரமா வச்சிருக்கேன். வாப்பாவோட முக்காணிப் பாலத்துக்கு வாரேன், நீங்க அங்கன வந்துருங்க. ஆனா ரம்யா டாக்டர்ட்ட கேக்காம போடக் கூடாது."

அய்யாக்குட்டி ஸ்கூட்டரை எடுத்தார். அறுபத்தாறு வயசில் அந்த வண்டி அப்படிப் பறந்ததை முள்ளக்காட்டு உப்பளத்துக் கொக்குகள் இன்னும் பேசிக்கொள்கின்றன. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் உப்புக் குவியல் வெள்ளை வெள்ளையாக ஓடியது. இதே ரோட்டில்தான் லேம்பி ஸ்கூட்டரில் பகவதியைப் பின்னால் உட்கார வைத்துத் திருச்செந்தூர் போவார். அவள் காற்றில் ஏதோ சொல்வாள், அவருக்குக் கேட்காது, கேட்ட மாதிரி தலையை ஆட்டுவார். என்னவெல்லாம் சொல்லியிருப்பாள் என்று இன்றைக்குத்தான் யோசித்தார்.

பாலத்தில் ஆட்டோவோடு நின்றார்கள். ஸஹ்லா ஐஸ் வைத்த சின்ன டப்பாவை நீட்டினாள்.

"அடுத்த மாசம் ஒனக்கு வேணுமே தாயி?"

"அவங்க வந்தாத்தான் மாமா எனக்கு ஊசி. ரம்யாவுக்கு ஆறரைக்கு வேணும்லா?"

"வழியில ஐஸ்கிரீம் கடையப் பாத்து மருந்த அங்க வச்சிராதேரும்" என்றார் ஸதக்கத்துல்லாஹ்.

ஆறேகாலுக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது ரம்யா ஃப்ரிட்ஜுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். புதுப் பேனாவைக் கீழ்த்தட்டில் நழுவவிட்டு, 'இந்தா இருக்கு' என்று சொல்லியிருக்கலாம். அய்யாக்குட்டி இரண்டு பேனாவையும் மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். நடந்ததைச் சொன்னார், ஒரு கடுகளவு கூட்டாமல்.

ரம்யா டாக்டரைக் கூப்பிட்டாள். அவர் பேனாவின் பேட்ச் எண்ணைக் கேட்டார், காலாவதித் தேதியைக் கேட்டார், அய்யாக்குட்டியின் போன் வழியாக ஸஹ்லாவிடமும் பேசினார். பிறகு போடலாம் என்றார். போனை வைத்துவிட்டு ரம்யா அப்பாவைப் பார்த்தாள்.

"வேணும்னே செஞ்சீங்களாப்பா?"

"இல்லளா. குளிரு கூடினா நல்லதுன்னு நினைச்சேன், அது என் புத்தி. ஆனா கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்ச பொறவு, சொல்லாம அப்படியே வச்சிருவோமான்னு ஒரு பத்து நிமிசம் இருந்தேன். அது வேணும்னுதான்."

பகவதி துணிப்பையைக் கீழே வைத்தாள். "இத எதுக்கு இப்ப சொல்லுதீங்க? சொல்லாட்டி யாருக்குத் தெரியப்போகுது?"

"திருச்சிக்குப் போகட்டுமான்னு நீ கேட்ட அன்னைக்கு, நான் ரசம் கேட்டேம்லா. அதுமாதிரி இன்னொரு தடவ..."

"ரசமா?" என்றாள் பகவதி. "அன்னைக்கு ரசமே வைக்கல. மோர்க்குழம்பு. மோர்க்குழம்பு ஊத்துன்னு சொன்னீங்க." கொஞ்சம் நிறுத்தி, "ஊத்தினேன்" என்றாள்.

ரம்யா அம்மாவை முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு அளவைத் திருகி, சட்டையைக் கொஞ்சம் தூக்கி, ஊசியைப் போட்டுக்கொண்டாள். மணி ஆறு முப்பத்து நாலு. பஞ்சை அழுத்திக்கொண்டே அப்பாவிடம் ஸஹ்லாவின் நம்பரை வாங்கி உள்ளறைக்குப் போனாள்.

அரைமணி நேரம் பேச்சு நீண்டது. முதலில் மெல்லிய குரல், நடுவில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம், அப்புறம் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சிரிப்பு. தன்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று அய்யாக்குட்டிக்குத் தெரிந்தது. எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்து கேட்டார்.

ரம்யா வெளியே வந்தாள். "வெள்ளிக்கிழமை அடுத்த ஸ்கேன். நீங்களும் வாரீங்க."

"நான் எதுக்குளா?"

"டாக்டருக்கு உங்களப் பாக்கணுமாம். இப்படி ஒரு ஆள அவங்க சர்வீஸ்லயே பாத்ததில்லயாம்."

"ஒங்க அம்மா?"

"ரெண்டு பேரும் வாரீங்க" என்றாள் ரம்யா. "முட்டை எத்தனை வளந்திருக்குன்னு சொல்லும்போது ரெண்டு பேரும் பக்கத்துல இருக்கணும். நெறைய இருந்தாலும் சரி, கொஞ்சமா இருந்தாலும் சரி."

அய்யாக்குட்டி எழுந்து போய் வெள்ளிக்கிழமைக்கான சட்டையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தார். அன்றைக்குப் புதன்கிழமை.