இடையில் விலகியவர் மூவர்

ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று உலகம் முழுக்க ஆளாளுக்கு ஆராய்ச்சி செய்து எழுதித் தள்ளுகிறார்கள். அத்தனையையும் படிக்க எந்த மருத்துவருக்கு நேரம் இருக்கிறது? அதற்காகவே ஓர் அலுவலகம், அதில் அவள். கட்டுரைகளைத் தேடி எடுத்து, எதை நம்பலாம், எது வெறும் கண்துடைப்பு என்று மதிப்பிட்டு, அவசரத்துக்குக் கிடைக்கிற மாதிரி ஒரே பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும். கணவர் போன பிறகு சேர்ந்த வேலை. அங்கே யாருக்கும் அந்த விவரம் தெரியாது. யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அன்று வந்தது இதய மருந்து பற்றிய கட்டுரை. மருந்தின் பெயரையும் மருத்துவமனையின் பெயரையும் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கணவர் நோயாளியாகச் சேர்ந்திருந்த ஆராய்ச்சி. நேரே அட்டவணைக்குப் போனாள். இறந்தவர்: யாருமில்லை. இடையில் விலகியவர்: மூவர்.

விலகினாராம்! மாத்திரையை விழுங்கிவிட்டுக் குளிக்கப் போன மனிதர் அங்கேயே விழுந்து போய்ச் சேர்ந்தார். அதற்குப் பெயர் விலகலா?

"பாவிங்களா, மறைச்சுட்டீங்களே" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். எந்தக் கட்டுரையையும் லேசில் விடமாட்டார் என்பதால் அலுவலகத்தில் அவருக்குச் சல்லடை என்று பெயர்.

"யாரக்கா திட்டுறீங்க?"

"என் வீட்டுக்காரர் சேர்ந்திருந்த ஆராய்ச்சி இது. நான் தொடக் கூடாது. நீங்க எடுத்துக்குங்க."

அதற்கு மேல் பேசவில்லை. வேண்டியவர் சம்பந்தப்பட்டதை மதிப்பிடவும் கூடாது, மதிப்பிடுகிறவர் காதைக் கடிக்கவும் கூடாது. உள்ளுக்குள் மட்டும் வேண்டிக்கொண்டாள். இந்த மனிதராவது கண்டுபிடிக்கட்டும், அவர் போனது ஓர் இடத்திலாவது கணக்கில் வரட்டும்.

சல்லடை விடுவாரா? விலகிய மூவரும் என்ன ஆனார்கள் என்று ஆராய்ச்சிக்காரர்களுக்கு எழுதிக் கேட்டார். பதில் வர வாரக்கணக்கில் ஆனது. அதுவரை அவள் தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, அவர்களைக் கேட்க வேண்டிய கேள்விகளைச் சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பாவம்க்கா, அவங்க ஒண்ணும் மறைக்கல" என்றார் சல்லடை, பதிலைப் படித்துவிட்டு. "ரெண்டு பேரு வேற ஊருக்குப் போயிட்டாங்க. இன்னொருத்தர் வீட்டுக்கு எத்தனையோ தடவ போன் பண்ணியிருக்காங்க. யாரும் எடுக்கலையாம். என்ன ஆனாருன்னே தெரியலையாம்."

எடுக்காதவள் அவள்தான். எடுத்தால் நடந்ததைச் சொல்ல வேண்டும். அந்த வார்த்தை அவள் வாயில் வரவே இல்லை. உறவுக்காரர்களுக்கெல்லாம் தம்பிதான் சொன்னான். மருத்துவமனை எண்ணை அவள் தடுத்தே வைத்துவிட்டாள்.

"அந்த ஒருத்தரால கொஞ்சம் சந்தேகம்னு போட்டு முடிச்சிடவா?"

"வேணாம். கொஞ்சம் பொறுங்க."

மாடிப்படிக்குப் போய் மருத்துவமனை எண்ணை அழுத்தினாள். யாரோ ஒரு பெண் எடுத்தார். மனப்பாடம் செய்து வைத்திருந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. கணவர் பெயரையும் பிறந்த தேதியையும் சொன்னாள்.

"அவரோட வீட்டுக்காரி பேசுறேன்."

"அம்மா! உங்களத்தான் எவ்வளவு நாளா தேடினோம். சார் எப்படிம்மா இருக்காங்க?"

இத்தனை காலத்தில் அவரைப் பற்றி அவளிடம் அக்கறையாகக் கேட்ட முதல் குரல் அது. அந்தக் கேள்வியைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"இறந்துட்டாரு" என்றாள். "எழுதிக்குங்க."