சாருஜா திறந்த கணினி

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதிக்குப் பின்னால் உள்ள ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் நிஷானியும் சாருஜாவும் மூன்று வருடங்களாகச் சேர்ந்து தங்கியிருந்தார்கள். இருவரும் புவியியல் பட்டதாரிகள். வலிகாமத்துக் கிணறுகளில் உப்பு ஏறுவதைப் பற்றி நிஷானி ஆய்வு செய்துகொண்டிருந்தாள். சாருஜாவுக்குத் தென்மராட்சிக் குளங்கள். பல்கலைக்கழகத்தில் ஒரு தற்காலிக விரிவுரையாளர் இடம் காலியானபோது இருவருமே விண்ணப்பித்தார்கள். வியாழக்கிழமை நேர்முகத் தேர்வு. ஆய்வை வரைபடங்களோடு விளக்கிக் காட்ட வேண்டும்.

நிஷானியின் பழைய கணினியோ ஒரு வரைபடத்தைத் திறப்பதற்குள் தேத்தண்ணீர் ஆறிவிடும். அதனால் செவ்வாய்க்கிழமை புதிதாக ஒரு ராம் வாங்கி வந்தாள். கணினியின் நினைவாற்றலைக் கூட்டும், விரல் நீளத் தகடு அது.

"கடைக்கு ஏன் தூக்கிக்கொண்டு போறாய்? நான் போட்டுத் தாறன்," என்றாள் சாருஜா. "உன்ரை ஆய்வை வேறை எங்கையும் கொப்பி எடுத்து வைச்சிருக்கிறியோ?"

"இல்லை. எல்லாம் இதுக்குள்ளைதான்."

நிஷானி கீழே கிணற்றடிக்கு உடுப்புத் தோய்க்கப் போனாள். திரும்பி வந்தபோது சாருஜா கணினியின் பக்கவாட்டுத் தகரத்தை மூடிக்கொண்டிருந்தாள். நிஷானி சுவிட்சை அழுத்தினாள். உள்ளே காற்றாடி சுற்றியது. மூன்று தரம் நீளமாகக் கீச்சிட்டது. திரை கறுப்பாகவே இருந்தது.

சாருஜா புதிய தகட்டைக் கழற்றினாள். பழையதையும் கழற்றித் திரும்பப் போட்டாள். பழையதோடு மட்டும் முயன்றபோதும் அதே கீச்சொலிதான் கேட்டது.

"காலமை பழையதோடை வேலை செய்ததுதானே?" என்றாள் நிஷானி. "இப்ப அதுவும் இல்லை. என்ன செய்தனி?"

"நான் ஒண்டும் செய்யேல்லையடி. கொஞ்சம் பொறு, நான் சொல்லுறன்..."

"நீ தொட்டது காணும். வெளியாலை போ!"

சாருஜா சைக்கிளை எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டாள்.

தனியே இருந்தபோது நிஷானிக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. கடைக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று ஏன் சொன்னாள்? வேறு பிரதி இருக்கிறதா என்று ஏன் கேட்டாள்? தான் கிணற்றடிக்குப் போகும்வரை ஏன் பெட்டியைத் திறக்கவில்லை? வயர்களைக் கழற்றலாம் என்று மேசைக்குப் பின்னால் குனிந்தபோது, கணினியின் பின்பக்கத்தில் ஒரு பென் டிரைவ் செருகியிருந்தது. சாருஜாவுடையது. ஆய்வையும் திருடியிருக்கிறாள் என்று நினைத்தாள் நிஷானி.

உடனே கிருபைரட்ணம் சேருக்குத் தொலைபேசியில் அழைத்தாள். அவளுடைய ஆய்வுக்குப் பொறுப்பானவர் அவர். தெரிவுக் குழுவிலும் இருந்தார்.

"சேர், சாருஜா என்ரை கம்பியூட்டரைப் பழுதாக்கிப்போட்டா. வேணுமெண்டுதான் செய்திருக்கிறா போலை. அவவின்ரை பென் டிரைவும் பின்னாலை கிடக்குது."

அவர் திருப்பிக் கேட்டார். "யோசிச்சுத்தான் கதைக்கிறீங்களோ, பிள்ளை?"

"ஓம் சேர்."

கணினியை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் சந்திக்குப் போனாள். அங்கே கெல்வின் கணினி திருத்தும் கடை வைத்திருந்தான். அவன் சுவிட்சைப் போட்டுக் கீச்சொலியைக் கேட்டதுமே தலையாட்டினான். இரண்டு தகடுகளையும் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"ஆரும் வேணுமெண்டு பழுதாக்கினதோ அண்ணை?"

"உதைப் பாருங்கோ, பழைய ராமின்ரை காலெல்லாம் கறுத்துப்போச்சு. கனகாலம் அசையாமல் இருந்தபடியால் ஓடியிருக்கு. ஒருக்கால் கழட்டிப் போட்டால் பிறகு பிடியாது. புதுசு சரியாய் இறுகேல்லை. ஒரு பக்கம்தான் பூட்டியிருக்கு."

அழிறப்பரால் பழைய தகட்டின் கால்களைத் தேய்த்தான். கறுப்பு போய் மினுக்கம் வந்தது. தூசியை ஊதிவிட்டு, இரண்டையும் இரு முனையிலும் 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தினான். சுவிட்சைப் போட்டதும் ஒரே ஒரு சின்னக் கீச்சு. திரையில் வெளிச்சம் வந்தது. ஆய்வு முழுதும் அப்படியே இருந்தது.

நிஷானிக்குச் சந்தேகம் தீரவில்லை. பென் டிரைவை நீட்டினாள். "இதிலை என்ன இருக்கு எண்டு பாருங்கோ."

'நிஷானி - பத்திரம்' என்று ஒரு கோப்புறை இருந்தது. உள்ளே அவளுடைய ஆய்வு. அதோடு அவளுடைய அக்காவின் கலியாணப் படங்கள், தேவாலயப் பாடகர் குழுவின் பாட்டுத்தாள்கள், அவள் அரைகுறையாக எழுதி விட்ட கடிதங்கள்கூட ஒன்றுவிடாமல் இருந்தன. ஆய்வைத் திருட வந்தவளுக்குப் பாட்டுத்தாள் எதற்கு?

"பெட்டியைத் திறக்க முந்தி எடுத்திருக்கினம்," என்றான் கெல்வின், கோப்புகளில் பதிவாகியிருந்த நேரத்தைப் பார்த்து. "நல்ல கவனமான ஆள்."

நிஷானி கடை வாசலில் நின்று திரும்பவும் சேருக்கு அழைத்தாள். தான் சொன்னது பிழை என்றாள்.

"நீங்கள் சொன்ன உடனை நான் அவவைக் கூப்பிட்டுக் கேட்டிட்டன்," என்றார் அவர். "அழுதுகொண்டு போயிட்டா."

அறைக்கு வந்தபோது சாருஜா கட்டிலில் இருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"என்னட்டைக் கேட்டிருக்கலாமே," என்றாள். "கொப்பி இருக்கு எண்டு சொல்லத்தான் வாயெடுத்தனான். நீ வெளியாலை போ எண்டாய்."

"பிழைதான். நான் இன்டர்வியூவுக்குப் போகேல்லை. நீ போ."

"வராமல் விட்டிடாதை. நீ வராட்டில் நான் ஏதோ செய்துதான் நீ வரேல்லை எண்டு கதைப்பினம்."

வியாழக்கிழமை இருவரும் போனார்கள். நிஷானியின் வரைபடங்கள் தடங்கலின்றித் திறந்தன. சாருஜா நன்றாகத் தொடங்கினாள். கிருபைரட்ணம் சேர் கேட்ட இரண்டு கேள்விகளுக்கு மட்டும், அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தடுமாறினாள். அடுத்த கிழமை நிஷானிக்கு நியமனக் கடிதம் வந்தது.

சாருஜா கைகொடுத்து வாழ்த்தினாள். சண்டை பிடிக்கவில்லை. அறையை விட்டும் போகவில்லை. காலையில் இருவருக்கும் சேர்த்தே தேத்தண்ணீர் போட்டாள். ஆனால் வெளியே புறப்படும்போது, மூன்று வருடமாகத் திறந்தே கிடந்த தன் அலுமாரியைப் பூட்டித் திறப்பைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். அலுமாரிக் கதவை ஒருமுறை இழுத்தும் பார்த்தாள்.