ஸியாம் அடித்த கோல்

ஏறாவூரில் யாரைக் கேட்டாலும் அந்தக் கோலை ஸியாம் அடித்ததாகத்தான் சொல்வார்கள். அடித்தவன் பஸ்லான்.

கல்லூரிக் கால்பந்து அணிக்குப் பஸ்லான்தான் கெப்டன். வாத்திமாரே பாடத்தை விட்டுவிட்டு மதிலோரம் நின்று பார்த்த ஆட்டம் அவனுடையது. ஆனால் அவனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. அரையிறுதியில் நடுவரை ஏசிச் சிவப்பு அட்டை வாங்கினான்; இறுதிப் போட்டியில் ஆடத் தடை. அது நடந்தது வெளியூரில். அங்கே யாருக்கு யார் முகம் தெரியும்? பயிற்றுநர் அணியில் இருந்த ஸியாமை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, அவன் பெயரில், அவன் ஜேர்சியில் பஸ்லானை இறக்கினார். கோல் விழுந்தது. அதே நொடியில் எதிரணிக் கோல்காப்பாளன் பஸ்லானின் முழங்காலில் வந்து விழுந்தான்.

வெளியே சொன்னால் கிண்ணம் பறிபோகும். அணியே வாயைப் பொத்திக்கொண்டது. பைசிக்கிளில் விழுந்ததாக வீட்டில் சொன்னான். பத்திரிகையில் பெயரைப் பார்த்த கொழும்புக் கழகமொன்று ஸியாமை அழைத்து அரசாங்க வேலையும் வாங்கிக் கொடுத்தது. பஸ்லான் கட்டாரில் மூட்டை தூக்கினான். இப்போது புடவைக் கடையில் தூக்குகிறான். உண்மையை அவன் சொன்னது ஒருத்தியிடம் மட்டும், மனைவி நிஸ்மியாவிடம்.

இனியும் சத்திரசிகிச்சை செய்யாவிட்டால் கால் நிலத்தில் ஊன்றாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். கல்லூரிக்காக ஆடிக் காயப்பட்டவர்களுக்குப் பழைய மாணவர் சங்கம் வைத்தியம் பார்க்கிறதென்று கேள்விப்பட்டு, நிஸ்மியாதான் அவனைச் செயலாளரிடம் இழுத்துப் போனாள்.

"காக்கா, அந்த மெட்ச்ல நீங்க விளையாடல்லயே," என்றார் வயதில் இளையவரான செயலாளர். "ஸியாம் காக்கா ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

செயலாளர் அழைக்க ஸியாம் வந்தான். பஸ்லானின் தோளில் கைபோட்டு வாசலுக்குக் கூட்டிப்போனான்.

"மச்சான், என்ட வேல போயிரும். மகள்ர கலியாணம் வாற மாசம். நான் என்ன செய்யிற, நீயே சொல்லு."

அவன் கண் கலங்கியிருந்தது. அறைந்துவிடலாம் போலிருந்தது பஸ்லானுக்கு. அறைய முடியவில்லை. அவனுக்கும் ஒரு மகள் இருந்தாள்.

உள்ளே வந்து, "நான் விளையாடல்ல தம்பி. சும்மா கேட்டுப் பாத்தன்," என்றான்.

செயலாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதைக்கூடப் பஸ்லான் பொறுத்துக்கொண்டான்.

ஓட்டோ வாவிக் கரையோரம் வரும்போது நிஸ்மியா கேட்டாள்.

"அப்ப கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து என்னெயும் ஏமாத்திக்கிட்டா இருந்தீங்க?"

உண்மையைச் சொன்னால் அவள் ஓட்டோவைத் திருப்பச் சொல்லுவாள். நேரே ஸியாமின் வீட்டு வாசலில் போய் நின்று ஊரைக் கூட்டுவாள். அது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

"ஓம்," என்று தலையாட்டினான் பஸ்லான்.