மூடி திறந்து மூடிய ஒன்பது வருஷம்

தரகன் அஸ்ஸூஸ் நாற்பத்தெட்டு வயதிலிருந்து ஒரு பெண்ணின் குரலில்தான் பேசி வருகிறான். குரல் யம்னாவுடையது, வார்த்தைகளும் அவளுடையவை.

ரீஃப் மலையில் கஞ்சாவை அறுத்ததும் கூரையில் பரப்பி, வெயிலில் நாலே நாளில் உலர்த்தி விற்றுவிடுவார்கள். யம்னாவின் கணவன் ஹம்மாதி மட்டும் கிளைகளை இருட்டு மாடியறையில் தலைகீழாகத் தொங்கவிடுவான். காம்பு படக்கென்று ஒடியும் பதம் வர இரண்டு வாரமாகும். பிறகு மொட்டுகளை மண்ஜாடிகளில் முக்கால் அளவு நிரப்பி, தினம் மூடியைத் திறந்து மூச்சுவிடச் செய்வான். தவறினால் பூஞ்சை பிடித்துவிடும். ஒரு மாதத்தில் புல்வாடை போய் எலுமிச்சை மணம் ஏறும். வாங்க வந்தவர்களெல்லாம் அஸ்ஸூஸின் வாசலைத் தாண்டி ஹம்மாதி வீட்டுக்கே போனார்கள்.

ஒரு வருஷம், ஜாடி நிரப்பிய ஐந்தாம் நாள், போலீஸ் ஜீப் வந்தது. ஊரே பயிரிடும் இடத்தில் ஒரே ஒரு வீட்டுக்கு வந்தது. மாடிக்கு ஏறாமல், கீழே கிடந்த ஒரு மூட்டையோடு ஹம்மாதியை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏழாம் மாதம் சிறையிலிருந்து ஆணியடித்த சவப்பெட்டி வந்தது. திறக்கக் கூடாதென்று அதில் தாள் ஒட்டியிருந்தது.

யம்னா அழவில்லை. தினமும் மாடியேறி ஜாடிகளைத் திறந்தாள். திறந்த வாய்க்குள் தொண்டை கிழியக் கத்தினாள். கத்தி முடித்ததும் மூடியை இறுக்கினாள். இப்படி ஒன்பது வருஷம்.

அத்தனை காலம் வைத்தால் எந்தச் சரக்கும் பழுப்பேறும், மணம் போகும், வேகம் செத்து வெறும் தூக்கம்தான் மிஞ்சும். யம்னாவுடையது பச்சை மாறவில்லை. சேதி அஸ்ஸூஸின் காதுக்கும் எட்டியது.

"பூட்டி வச்சு என்னம்மா பண்ணப் போற? ஒரு ஜாடி குடு, விலை பேசிக்கலாம்."

"விலையெல்லாம் வேணாம். பிடிச்சுப் பாரு."

"விஷம் கிஷம் கலந்திருக்கியா?"

"மூடியத் திறந்து மூடினதத் தவிர நான் ஒண்ணும் பண்ணல."

வியாழச் சந்தையில், வாங்க வந்தவர்கள் முன்னால் அஸ்ஸூஸ் குழாயைப் பற்றவைத்தான். புகை உள்ளே போனது. அவன் வாய் தானாகத் திறந்தது.

"அஸ்ஸூஸு! போலீஸ் குடுத்த ஒரு கோவேறு கழுதைக்காடா என் புருஷனக் காட்டிக்குடுத்த? ஜீப்புக்கு வழி காட்டினதும் நீதானடா, நாயே!"

இரு கைகளாலும் வாயைப் பொத்தினான். விரலிடுக்கு வழியாக மிச்சமும் வந்தது.

சாயங்காலம் மன்னிப்புக் கேட்க அவள் வாசலில் மண்டியிட்டான். மன்னிப்பு தொண்டைவரை வந்தது; வெளியே வந்தது வசவு. யம்னா மார்பில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்று முழுவதையும் கேட்டாள்.

"எனக்குத் தெரிஞ்சத எங்கிட்டயே எதுக்குச் சொல்ற? போ, ஊருக்குச் சொல்லு" என்று கதவைச் சாத்தினாள்.

இப்போதும் வியாழன்தோறும் சொல்லிக்கொண்டிருக்கிறான். முட்டைக்காரர்கள் அவன் பக்கத்திலேயே கடை போடுகிறார்கள். விலை பேசுகிறவர்கள் சற்று உரக்கப் பேசிக்கொள்கிறார்கள்.

போன மாதம், அன்று ஜீப்பில் வந்த அதிகாரி ஓய்வுபெற்று நகரத்தில் வீடு கட்டியிருப்பதாகத் தெரிந்தது. யம்னா ஒரு ஜாடியைத் துணியில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு காலை பஸ்ஸில் உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து முணுமுணுப்பு கேட்டது. நடத்துனர் ஜாடிக்கும் சேர்த்து இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.